பொத்தான் லேட்டு

ஆட்டுக்குட்டி மறுபடியும் ஆற்றோடு போய்விட்டது. கிழவி பாறை மேல் நின்று ஒரு நொடி முழித்தாள், குட்டி போன பக்கம் கையை நீட்டினாள், திரை கறுத்தது, அப்புறம் பழைய கரையிலேயே தோளில் குட்டியோடு வந்து நின்றுகொண்டாள், ஒன்றுமே நடக்காத மாதிரி. பொத்தான் லேட்டு என்று நாச்சிமுத்து வெறும் ஹாலைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார். சொன்னதில் ஒரு நிம்மதி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வயிற்றில் கறிக்குழம்பு, தலைக்கு மேல் ஃபேன், கோயமுத்தூர்க் கணபதிப் பக்கத்து வீதியெல்லாம் உண்டுவிட்டுத் தூங்குகிற நேரம், இந்த மனுஷன் மட்டும் டிவிக்கு முன்னால் கேம் கன்ட்ரோலரோடு சோபா நுனியில் உட்கார்ந்து ஒரு கிழவியை ஆறு தாண்ட வைக்க உயிரை விட்டுக்கொண்டிருந்தார். பெரிய வித்தையெல்லாம் இல்லை. பாறைகள் தண்ணீரில் முங்கும், எழும். எழுந்து நிற்கிறபோது பொத்தானை அமுக்கினால் கிழவி தாவுவாள். அமுக்கத்தான் செய்கிறார். நான் அமுக்குறப்ப அமுக்குறனுங்க, அவ தாவுறப்ப தாவுறாளுங்க, நடுவுல எங்கியோ ஒரு சர்க்கார் ஆபீஸ் இருக்குதுங்க, அங்க என்ற மனு ஒரு மேசையில இருந்து அடுத்த மேசைக்குப் போயிட்டிருக்குது. இந்த வரியை நேற்றே வீடியோவில் சொல்லிவிட்டார், சொல்லும்போதே ஜனங்கள் சிரிக்கப் போகிறார்கள் என்று தெரிந்து குரலைக் கொஞ்சம் இழுத்தும் விட்டார். தீர்ப்பும் சொல்லியாயிற்று. விட்டுப்போடுங்க. விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீடியோ தானாக வெளியே போகிற மாதிரி வைத்தும் ஆகிவிட்டது. அப்புறம் எதுக்கு இந்த ஆத்தங்கரையில வந்து வந்து நிக்கறே என்று தன்னையே கேட்டார். சும்மாதான், பொழுது போகலை என்று தானே பதிலும் சொல்லிக்கொண்டார். வலது கட்டைவிரலை ஒரு தடவை மடக்கி நீட்டினார். மடங்கியது, நீண்டது, அதுக்கென்ன.

நாச்சிமுத்துவைத் தெரியாதவர்கள் இருப்பார்கள், அவர்களுக்காக ஒரு வார்த்தை. வீடியோ கேம் ஆடிப் பார்த்து நல்லது கெட்டது சொல்வதுதான் இவருக்குப் பிழைப்பு. ஐம்பதை எட்டிப் பிடிக்கப் போகிற ஆம்பளை செய்கிற காரியமா இது என்று மாமனார் கண்ணை மூடுகிற வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தார். அதற்கு முன்னால் இதே கோயமுத்தூரில் ஒரு மோட்டார் பம்பு கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை. ஓடுகிற பம்பின் மேல் உள்ளங்கையை வைத்தால் போதும், தேறுமா தேறாதா என்று கை சொல்லிவிடும். கம்பெனியை மூடிய பிறகு, சும்மா கிடக்கிற மனுஷனாச்சே என்று மச்சினன் கொண்டுவந்து போட்ட பழைய கேம் பெட்டியில் ஆட ஆரம்பித்து, ஆடியதைப் பற்றிப் பேச ஆரம்பித்து, பேசியதை யார் யாரோ கேட்க ஆரம்பித்து, இன்றைக்கு 'நாச்சிமுத்து சொல்றேனுங்க' என்று ஆரம்பித்தால் கேம் வாங்குகிற பையன்கள் பாக்கெட்டில் வைத்த கையை எடுக்காமல் காத்திருக்கிறார்கள். மார்க்கு கிடையாது, நட்சத்திரம் கிடையாது. வாங்குங்க, எரவல் வாங்கி ஆடுங்க, விட்டுப்போடுங்க. இந்த மூன்றில் ஒன்று. விவசாயம் செய்கிற ஆட்டம் ஒன்று வந்தது, ஊரே தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது, இவர் ஒரு வாரம் அதில் தக்காளி போட்டுப் பார்த்துவிட்டு, இந்த ஊர்ல தக்காளி வெல ஒரு நாளுங்கூட எறங்க மாட்டேங்குதுங்க, இதுல என்னத்த விவசாயம், விட்டுப்போடுங்க என்றார். கிணத்துக்கடவுப் பக்கமிருந்து நிஜ விவசாயி ஒருவர் போன் போட்டு அழாத குறையாகச் சிரித்தார். பேய் பங்களா ஆட்டத்துக்கு எரவல், ஏனென்றால் பேய் நல்ல பேய்தான், ஆனால் கதவு திறக்கிறபோதெல்லாம் வருகிறது, வேலைக்கு வருகிற மாதிரி வருகிறது, பயம் எப்படி வரும். லாரி ஓட்டுகிற ஆட்டத்துக்கு வாங்குங்க, ராத்திரி ரோட்டில் எதிர் லாரிக்காரன் விளக்கைத் தாழ்த்துகிறான் என்ற ஒரே காரணத்துக்காக. சண்டை ஆட்டம், கல்லடுக்கும் ஆட்டம், குதிரை, கார், கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாறுகிற ஆட்டம், என்னத்தையெல்லாம் இந்தக் கை ஆடியிருக்கிறது. மீன் பிடிக்கிற ஆட்டம் ஒன்று, அதில் மீனே விழாது, மழை மட்டும் பெய்துகொண்டிருக்கும், பக்கத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்து அவ்வப்போது இருமுவார். அதற்கு வாங்குங்க. மீனே உழுவாத ஆட்டத்துக்கு ஏனுங்க வாங்கச் சொன்னீங்க என்று மனைவி கோகிலவாணி கேட்டாள். பக்கத்துல ஆள் இருக்குதல்ல அம்மிணி என்றார். அவள் பிளஸ் டூவுக்கு வேதியியல் நடத்துகிற டீச்சர், விடைத்தாளிலிருந்து தலையைத் தூக்கி அவரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திருத்தப் போய்விட்டாள். அந்தப் பார்வையை இவர் இன்னும் வைத்திருக்கிறார்.

கிழவி மறுபடி கரையில் நிற்கிறாள். குட்டி அவள் காதருகில் ம்மே என்றது. இந்தச் சத்தத்தை நன்றாகத்தான் வைத்திருக்கிறார்கள், நிஜக் குட்டிச் சத்தம், எங்கோ போய்ப் பிடித்துவந்திருக்கிறார்கள். முதல் பாறை, தாண்டினாள். இரண்டாவது, தாண்டினாள். மூன்றாவது எழும்போது அமுக்கினார், அமுக்கினோம் என்றுதான் நினைத்தார், பாறை நின்றது, நின்று சலித்து இறங்கியது, அப்புறம்தான் கிழவி தாவினாள், குட்டி போயிற்று. லேட்டு. இந்த வருஷம் வந்ததெல்லாமே இப்படித்தான். கிரிக்கெட் ஆட்டத்தில் பந்து ஸ்டம்பைத் தட்டிய பிறகு மட்டை இறங்கியது, விட்டுப்போடுங்க. தவில் அடிக்கிற ஆட்டத்தில் தாளம் ஒரு பக்கம் போக அடி ஒரு பக்கம் விழுந்தது, விட்டுப்போடுங்க. குதிரை ஆட்டத்தில் வேலியில் காலை இடித்துக்கொண்டு விழாத குதிரை இல்லை. இப்பல்லாம் செய்யறவனுக்கு அக்கறை இல்லைங்க, பளபளன்னு படத்தப் போட்டுட்டுப் பொத்தானக் கோட்டை உட்டுடறானுங்க என்று வீடியோவுக்கு வீடியோ திட்டினார். அண்ணா எனக்கு லேட் ஆகலீங்களே, உங்க டிவியப் பாருங்க என்று ஒரு பையன் கீழே எழுதினான். டிவியைப் பார்த்தார். கேபிளை மாற்றினார். கன்ட்ரோலருக்கு பேட்டரி மாற்றினார், அப்புறம் கன்ட்ரோலரையே மாற்றினார், டிவிக்குள் போய் ஏதேதோ அமைப்பைத் திருகிப் பார்த்தார். எல்லாவற்றையும் மாற்றியாயிற்று, ஒன்றைத் தவிர, என்று ஏதோ ஒரு நினைப்பு உள்ளே தலையை நீட்டியது. நீட்டிய தலையில் தட்டி உள்ளே அனுப்பினார். அந்தப் பையனுக்கு, தம்பி, ஓடுற பம்பு மேல கைய வெச்சே பழுது சொன்னவன் நான், எனக்கு நீ சொல்லாத என்று காரமாகப் பதில் போட்டார். பாவம், பையன் ஸாரிண்ணா என்று எழுதிவிட்டுப் போனான். அந்த ஸாரிண்ணா இப்போது எதற்கு ஞாபகம் வருகிறது. காலையில் சட்டைப் பொத்தான் போடும்போதும் வந்தது. மேல் பொத்தான் ஓட்டைக்குள் போக மாட்டேன் என்றது. புதுச் சட்டை, ஓட்டை சிறுசு. போன வாரத்துச் சட்டை பழைய சட்டைதான், அதுவும் அப்படித்தான் செய்தது. போச்சாது, பரவாயில்லை, கஞ்சி போட்டுத் துவைத்திருப்பார்கள். பல் விளக்குகிறபோது பிரஷ் ஒரே இடத்தில் நின்று தேய்க்கிறது, சாப்பிடும்போது சோற்றைப் பிசைவதற்குள் ரசம் ஆறிவிடுகிறது, அதுவெல்லாம் யோசனையில் இருக்கிறவனுக்கு வருவதுதான். யோசனை பண்ணாத மனுஷன் உண்டா.

சர்க்கார் ஆபீஸ் வரி நல்ல வரி. ஜனங்க சிரிப்பாங்க. மேசையிலிருந்து மேசைக்கு மனு போகிறது, மேலிருந்து உத்தரவு கிளம்பிவிட்டது, கீழே போய்ச் சேரவில்லை. இதை எங்கே பார்த்தோம். கிழவி நிற்கிறாள், பாறை எழுகிறது, இவர் அமுக்காமல் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எங்கேயோ பார்த்திருக்கிறோம், இப்படி உத்தரவு போயும் உடம்பு எழாமல் நிற்கிறதை, ஆட்டத்தில் இல்லை, ஆட்டத்துக்கெல்லாம் முன்னாடி. அப்பா. சோமனூர் வீட்டு வாசப்படி, வெள்ளை வேட்டி, அப்பா உள்ளே வரப் போகிறார், வாங்கப்பா என்றால் வாரேன் வாரேன் என்கிறார், வாய் வருகிறது, கண் வருகிறது, கால் மட்டும் வரவில்லை, தரையோடு ஒட்டிப்போன மாதிரி நிற்கிறது. அப்போது அப்பா முகத்தில் ஒரு வெட்கம் இருக்கும், அதைப் பார்க்க மாட்டாமல் அம்மா அடுப்படிக்குள் போய்விடுவாள். பார்க்கின்சன் என்று டாக்டர் சொன்னார், ஊரில் நடுக்குவாதம் என்றார்கள், ஆனால் அப்பாவுக்கு நடுக்கம் அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது மெதுவு. நடக்கும்போது இடது கை வீசும், வலது கை வீசாது, சும்மா தொங்கும். அப்பாவுக்கு அப்போது என்ன வயசு. வேண்டாம், அந்தக் கணக்குக்குள் போகாதே. போகவில்லை, ஆனால் விடை தானாக வந்து நின்றது, இவருடைய வயசுதான். அடச்சீ, சுடுகாட்டு நினைப்பு. அப்பனுக்கு வந்தா மகனுக்கு வரணும்னு சட்டமா. அந்த டாக்டரே சொன்னார், எல்லாருக்கும் அப்படி வராதுங்க என்று. எல்லாருக்கும் வராது என்றால் சிலருக்கு வரும் என்று அர்த்தமா. சமையல்கட்டில் பால் பொங்குகிற சத்தம், இல்லை, அது பக்கத்து வீட்டில். இந்தக் கைதானே என்னுடைய சோறு, இந்தக் கைதானே என்னுடைய வார்த்தை என்று நினைத்தார். பொத்தான் லேட்டு, பொத்தான்தான் லேட்டு, பொத்தானாகவே இருக்கட்டும் ஈஸ்வரா.

பொத்தானாகவே இருந்தால், இந்த ஆட்டத்தைச் செய்த பிள்ளைகள் என்ன ஆவார்கள். அதுதான் இரண்டு நாளாக முள் மாதிரி உறுத்துகிறது. 'மறுகரை' என்கிற இந்த ஆட்டத்தைச் செய்தது கரூரில் ஒரு அண்ணனும் தங்கையும். பகலில் அவன் பஸ் பாடி கட்டுகிற இடத்தில் வேலை, அவள் டெக்ஸ்டைல் ஆபீஸில், மிச்ச நேரமெல்லாம் இது. அண்ணா, எப்படி இருந்தாலும் உள்ளதச் சொல்லுங்க, நீங்க சொல்றததான் நாங்க நம்புவோம் என்று அந்தப் பெண் போனில் குரல் பதிவு அனுப்பியிருந்தாள், பின்னால் அந்த ஆட்டுக்குட்டி கத்துகிற சத்தம் கேட்டது, வீட்டில் வளர்க்கிற குட்டி போலிருக்கிறது. நாச்சிமுத்து விட்டுப்போடுங்க என்று சொன்னால் இந்த ஆட்டத்தை நாயும் சீண்டாது. சின்ன ஆள்கள், இவர் ஒரு வார்த்தைக்கு மேல் அவர்களுக்கு விளம்பரம் கிடையாது, மறுபடி ஒன்று செய்வார்களா என்பதே சந்தேகம். சரி, கெட்டதைக் கெட்டது என்றுதானே சொல்ல வேண்டும், கருணைக்குத் தீர்ப்பு கிடையாது என்று பல தடவை சொன்னவர் இவர். ஆனால் மாத்துக் கை பார்த்தாயா. பம்பு கம்பெனியில் அது ஒரு சட்டம். ஒரு பம்பைத் தேறாது என்று ஒதுக்குவதற்கு முன்னால் இன்னொருத்தன் கை அதன் மேல் படவேண்டும், ஒருத்தன் கையை மட்டும் நம்பி எதையும் ஒதுக்கக் கூடாது, மாத்துக் கை பாத்தாச்சா என்று கேட்டுவிட்டுத்தான் ஃபோர்மன் தலையாட்டுவார். கேமுக்கு வந்த பிறகும் நாச்சிமுத்து அதை விடவில்லை. கூட வேலை பார்த்த தேவசகாயம் ஞாயிறு தவறாமல் வருவார், விட்டுப்போடுங்க என்று சொல்லப் போகிற ஆட்டத்தை அவரும் ஒரு கை பார்ப்பார், பார்த்துவிட்டுப் பஜ்ஜி தின்றுவிட்டுப் போவார். தேவசகாயம் மகளோடு இருக்கப் போகிறேன் என்று ஓசூர் போனதிலிருந்து மாத்துக் கை இல்லை. வேறு ஆளைத் தேடவும் இல்லை. ஏன் தேடவில்லை என்ற கேள்வி வந்தது, அதை உட்கார வைக்காமல் எழுப்பி அனுப்பிவிட்டு, நாச்சிமுத்து வாயைத் திறந்து, அம்மிணி, இங்க கொஞ்சம் வா என்று கூப்பிட்டுவிட்டார். கூப்பிட்ட பிறகுதான் என்ன காரியம் செய்துவிட்டோம் என்று தெரிந்தது.

கோகிலவாணி மாடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டு அப்போதுதான் இறங்கியிருந்தாள். வெயில் வாசனை அடிக்கிற துணியைச் சோபாவில் கொட்டிவிட்டு, என்னுங்க, டீ வேணுமா என்றாள். டீ அப்பறம், இத ஒரு கை புடி என்று கன்ட்ரோலரை நீட்டினார். அவள் சிரித்தாள். நானுங்களா, என்ன இன்னைக்கி, வழியில கிழியில உழுந்துட்டீங்களா என்றாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து இவர் ஆடுவதைப் பார்த்திருக்கிறாளே ஒழிய அவள் இதைத் தொட்டதில்லை, தூசி தட்டுவதற்குத் தவிர. தலைகீழாகப் பிடித்தாள். திருப்பிக் கொடுத்தார். எதை அமுக்கோணும், இதையா, இது என்னுங்க நாலு இருக்குது. இந்த ஒண்ணு மட்டும் போதும் அம்மிணி, பாற மேல வந்தவொடனே அமுக்கு, கெழவி தாவுவா. சரிங்க. துணியைத் தள்ளிவிட்டு அவர் பக்கத்தில் நெருக்கமாக உட்கார்ந்தாள். முதுகை நேராக வைத்துக்கொண்டாள், பரீட்சை ஹாலில் உட்காருகிற மாதிரி. முதல் பாறையிலேயே குட்டி தண்ணீரில் போயிற்று. ஐயோ, அடப் பாவமே என்று வாயில் கையை வைத்துக்கொண்டாள். நாச்சிமுத்துவுக்குச் சந்தோஷம் என்றால் அப்படி ஒரு சந்தோஷம், உடம்பெல்லாம் லேசாகிவிட்டது, பாத்தியா, பாத்தியா, லேட்டு என்று கத்தினார். மாத்துக் கையும் சொல்லிவிட்டது. விட்டுப்போடுங்க. அந்தப் பிள்ளைகள் பாவம்தான், ஆனால் என்ன செய்ய, கை தப்பித்தது, என்னுடைய கை தப்பித்தது என்று மனசு குதியாட்டம் போட்டது. கோகிலவாணி திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், இல்லீங்க, லேட்டெல்லாம் இல்லீங்க, நாந்தான் பயந்துட்டுப் பாற வர்றதுக்கு முன்னாலயே அமுக்கிப்போட்டேன், அவ டக்குனு தாவிட்டா என்றாள்.

அவ டக்குனு தாவிட்டா. நாச்சிமுத்து அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். முன்னாலயே அமுக்கினால் முன்னாலயே தாவுகிற பொத்தான் எப்படி லேட்டாகும். வேறு எங்காவது ஒரு சந்து இருக்கிறதா என்று மனசு ஓடி ஓடிப் பார்த்தது, டிவி, கேபிள், பேட்டரி, மின்சாரம் கம்மி வோல்டேஜ், எல்லாக் கதவையும் தட்டியது. அதற்குள் அவள் மறுபடி போனாள், மறுபடி விழுந்தாள், இருங்க, இருங்க, இப்பப் புரிஞ்சுபோச்சு என்றாள், யாரும் ஒன்றும் சொல்லாமலே. நாக்கை உதட்டோரம் துருத்திக்கொண்டு பாறையை முறைத்தாள். தாவு. நில்லு. தாவு. அவள் விரல் படுகிறது, கிழவி எழுகிறாள், இரண்டுக்கும் நடுவில் ஒரு மயிரிழை கூட இல்லை. எந்த ஆபீசும் இல்லை, எந்த மேசையும் இல்லை, மனு போட்ட கையிலேயே உத்தரவு. எத்தனை அழகான பொத்தான், சும்மா சொல்லக் கூடாது, வெண்ணெய் மாதிரி இருக்கிறது, இதை இத்தனை சுத்தமாகச் செய்ய அந்தப் பையன் எத்தனை நாள் உட்கார்ந்திருப்பான். இதைத்தான் நேற்று சிரிக்கச் சிரிக்கக் கொன்று போட்டிருக்கிறோம். கிரிக்கெட்டையும் தவிலையும் கொன்றது இந்த விரல்தான், குதிரையைத் தள்ளியதும் இதுதான். கோகிலவாணி தாவிக்கொண்டே குட்டியோடு பேச ஆரம்பித்திருந்தாள், பொட்டாட்ட இருடா கண்ணு, ஆடாத, அம்மாளக் கெட்டியாப் புடிச்சுக்க. கடைசிப் பாறை முங்கி எழுந்தது. தாவு. கிழவி அக்கட்டால் கரையில் காலை வைத்தாள். குட்டி தோளிலிருந்து குதித்துப் புல்லில் ஓடியது. தாண்டிட்டேன் என்று கோகிலவாணி சோபாவிலிருந்து எழுந்தே விட்டாள், தாண்டிட்டனுங்க, பாத்தீங்களா, நானே தாண்டிட்டேன். முகமெல்லாம் சிவந்து, மூக்குத்தி மின்ன, கன்ட்ரோலரை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி நின்றாள். இத்தனை வருஷத்தில் இந்தச் சந்தோஷத்தை இவளுக்குத் தரலாம் என்று ஒரு நாளாவது தோன்றியதா நாச்சிமுத்து உனக்கு. பாத்தேன் அம்மிணி, சூப்பர் என்றார். குரல் சரியாக வந்ததா என்று தெரியவில்லை. அவள் கவனிக்கவில்லை. அடுத்தது என்னுங்க, ஐயோ காடா, காட்டுக்குள்ள போலாமா, நீங்க ஆடறீங்களா. இல்ல, நீயே ஆடு. நெசமாலுமா. நெசமாத்தான்.

இப்போது சொன்னால் இந்தச் சிரிப்பு நின்றுவிடும். அவளுக்கு அது வேலை கொடுக்கிற செய்தி, நாளையிலிருந்து ஆஸ்பத்திரி, ஊசி, மாத்திரை நேரம், என் வலது கை வீசுகிறதா என்று பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே நடக்கிற பிழைப்பு. அம்மா அப்படித்தான் நடந்தாள். காட்டுக்குள் போகட்டும், காட்டைத் தாண்டட்டும், அது வரைக்குமாவது. சொல்லாமலே இருந்துவிட்டால். பொத்தானைக் குறை சொல்லிக்கொண்டே இன்னும் எத்தனை நாள் ஓட்ட முடியும், ஓட்டலாம், ஓட்டத் தெரியும், ஊரே நம்பும், அந்தக் கரூர்ப் பிள்ளையும் நம்பும், நீங்க சொல்றததான் நாங்க நம்புவோம் என்று சொன்னதே. ஜன்னல் வெளிச்சம் சோபாவின் கால் வரைக்கும் வந்துவிட்டது, விளக்கு வைக்க இன்னும் நிறைய நேரம் இல்லை. நாச்சிமுத்து போனை எடுத்தார். இடது கையால் எடுத்தார், எடுத்த பிறகுதான் இடது கை என்று தெரிந்தது, எத்தனை நாளாக இப்படி இடது கையால் எடுக்கிறோம். நேற்றைய வீடியோவைக் கண்டுபிடித்தார். சர்க்கார் ஆபீஸ் வரி அதோடு போய்விடும், நல்ல வரி, போகட்டும். அழித்தார். காட்டுக்குள் கோகிலவாணி ஒரு பாம்பைப் பார்த்துக் கத்தினாள், பாம்பு அது பாட்டுக்குப் போனது, அது ஒன்றும் செய்யாதுங்களா என்று கேட்டாள், செய்யாது அம்மிணி என்றார், ஆடியதே இல்லை இந்தக் காட்டை, ஆற்றையே தாண்டவில்லையே. அவர் மைக்கை எடுத்துத் தன் பக்கம் வைத்தார். மூஞ்சியைப் பார்த்துச் சொல்ல இவருக்கு எப்போதும் வராது, கல்யாணத்துக்குச் சம்மதம் கேட்டதைக்கூட மச்சினனை விட்டுத்தான் கேட்டார். மைக்குக்கு முன்னால் மட்டும் பொய் வராது. ரெக்கார்டை ஓடவிட்டார். நீ ஆடீட்டே இரு அம்மிணி, நான் பேசறேன் என்றார். சரிங்க என்றாள் அவள், காட்டிலேயே கண்ணாக.

நாச்சிமுத்து சொல்றேனுங்க. இன்னைக்கி மறுகரைன்னு ஒரு ஆட்டம். ஒரு கெழவி ஆட்டுக்குட்டியத் தூக்கீட்டு ஆத்தத் தாண்டறா, அவ்வளவுதானுங்க கதை. கெழவி தாவுறப்ப முழங்கால்ல கைய ஊனிட்டு எழறா பாருங்க, அத யாரோ நெசமாப் பாத்து வரைஞ்சிருக்காங்க. குட்டிச் சத்தம் நெஞ்சக் கரைக்குது. பொத்தான் இருக்குதே, தொட்டாத் தாவுது, இப்பிடி ஒரு பொத்தான நான் பாத்து ரொம்ப நாளாச்சு. வாங்குங்க. ரெண்டா வாங்கி ஒண்ண யாருக்காச்சும் குடுங்க. கோகிலவாணி திரையைப் பார்த்தபடியே சந்தோஷமாகத் தலையாட்டினாள். நாச்சிமுத்து மைக்கை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டார். இத ஆடுனது நான் இல்லீங்க. என்ற சம்சாரம் ஆடுனாங்க, நான் பாத்தேன். என்னால ஆத்தத் தாண்ட முடியலீங்க. இந்த வருசம் லேட்டு லேட்டுன்னு நான் விட்டுப்போடச் சொன்னேனே, கிரிக்கெட்டு, தவிலு, குதிர, அதுல ஒண்ணும் லேட் இல்லீங்க. டிவியப் பாருங்கண்ணான்னு ஒரு தம்பி சொன்னாப்ல, அவரத் திட்டுனேன், மன்னிச்சுக்க சாமி. லேட் ஆகறது என்ற கைங்க. எங்கப்பாவுக்கு இப்பிடித்தான் ஆரம்பிச்சுது. காட்டுக்குள் கிழவி நின்றுவிட்டாள். ஒரு மரம் அவள் மேல் சாய்ந்து வந்துகொண்டிருந்தது, பொத்தான் அமுங்கவில்லை. திரை கறுத்தது, மறுபடி வெளுத்தது, கிழவி மறுபடி காட்டு முகப்பில் வந்து நின்றாள். கோகிலவாணி திரும்பவில்லை. எனக்குப் பயமா இருக்குதுங்க என்று நாச்சிமுத்து மைக்கிடம் சொன்னார்.

அவள் கன்ட்ரோலரைத் துணிக்குவியல் மேல் வைத்தாள். அவருடைய வலது கையை எடுத்துத் தன் மடியில் போட்டுக்கொண்டு, கட்டைவிரலைத் தன் உள்ளங்கைக்குள் பொத்திப் பிடித்தாள். எப்ப இருந்துங்க என்றாள். தெரியல அம்மிணி, மாரியம்மன் நோம்பிக்கு முன்னால இருந்தே இருக்கும் என்றார். அவள் மூக்கை உறிஞ்சினாள். இத்தன நாள் பக்கத்துலயே படுத்திருக்கறேன், என்றகிட்ட ஒரு வார்த்த சொல்லாம ஊருக்கெல்லாம் சொல்றீங்க என்றாள், கோபமாகத்தான் சொன்னாள், பாதியில் கோபம் உடைந்துவிட்டது. நாச்சிமுத்துவுக்குக் கண் நிறைந்துவிட்டது, துடைக்கலாம் என்றால் கை அவளிடம் இருந்தது.

"ஊருக்கில்ல அம்மிணி," என்றார். "உன்றகிட்டத்தான் சொன்னேன். ஊரு கேட்டா கேட்டுட்டுப் போகுது."

"நாளைக்கு ஸ்கூலுக்கு லீவு சொல்லிப்போடறேன்," என்றாள் கோகிலவாணி, விரலை விடாமலே. "ஆஸ்பத்திரிக்கு ரெண்டு பேரும் ஒட்டுக்காப் போலாம்."